எழுத்து ஊழியம்: நாம் யாருக்கு எழுதுகிறோம்?

மார்த்தாண்டம் இளையவன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) மாதாமாதம் வரும் பத்திரிகையை இந்த வருடம் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். பதினாறு பக்கம். முதலில் ஐயரின் (எங்கள் போதகரின்) செய்தி, அப்புறம் ஆராதனை நேரங்கள், பிறந்தநாள், திருமணநாள், காணிக்கை விவரம், நடுவில் இரண்டு கட்டுரை, கடைசியில் வேத வினாப் போட்டி. வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் காணிக்கைப் பக்கத்தைப் பார்க்கிறார்கள், பிள்ளைகள் வினாப் போட்டியைக் கிழித்து எடுக்கிறார்கள். கட்டுரைகளை யார் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சபையில் ஒரு பெரியவர், என்மேல் பிரியம் உள்ளவர்தான், நேராகவே சொன்னார்: "தம்பி, இதை ஊழியம் என்று சொல்லாதே. ஊழியம் என்றால் நாலு வீடு ஏறி இறங்கணும், நோயாளி பக்கத்தில் இருந்து ஜெபிக்கணும். உட்கார்ந்து எழுதுகிறது வேற."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்தும் ஊழியம்தான் என்று நம்பித்தான் இதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் நாங்கள் இப்போது போடுவதைப் பார்த்தால், ஏற்கெனவே கோயிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, கோயிலில் கேட்டதையே மறுபடி அச்சடித்துக் கொடுக்கிறோம். இது யாரைத் தொடும்? எழுத்து எப்போது ஊழியம் ஆகிறது? அனுபவம் உள்ளவர்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். எந்தச் சபையாக இருந்தாலும் சரி, சபை இல்லாதவராக இருந்தாலும் சரி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்

தம்பி, அந்தப் பெரியவர் சொல்லும் வீடு ஏறி இறங்கும் வேலையைக் குறைவாகச் சொல்ல முடியாது. ஆனால் நம் மண்ணில் அந்த வேலையும் அச்சடித்த தாளும் கூடவே வளர்ந்தவை.

மயிலாடியில் மகாராசன் வேதமாணிக்கம் கூட்டிய சிறு சபைக்கு 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. அவருக்குப் பின் வந்த மீட் ஐயர் நாகர்கோவிலுக்கு இடம் மாறியதும் முக்கியமாகச் செய்தவற்றில் ஒன்று அச்சகம் வைத்தது. 1820ஐ ஒட்டிய காலம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அதுதான் முதல் அச்சகம். அங்கே அச்சானவை பெரும்பாலும் சின்னப் பிரசுரங்களும் பள்ளிக்கூடப் பாடங்களும். தோளில் சீலை போடவே போராட வேண்டியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் கையில் ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது என்றால் அது என்ன காரியம் என்று யோசித்துப் பாருங்கள். தாளை வாங்குகிறவனுக்கு எழுத்து தெரிய வேண்டும். ஆகவே ஆலயம் கட்டிய இடத்தில் எல்லாம் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல். அதற்குக் காரணங்கள் பல உண்டு. அந்த அச்சகமும் பள்ளிக்கூடங்களும் அவற்றில் நிச்சயம் உண்டு.

இன்னும் பின்னால் போனால், அண்டிரிக் அடிகளார் 1578இல் நமக்குப் பக்கத்துக் கொல்லத்தில் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்" வெறும் பதினாறு பக்கம். உங்கள் பத்திரிகையின் அளவுதான். கடற்கரையில் இருந்த சாதாரண விசுவாசி வீட்டில் வைத்துச் சொல்ல வேண்டிய ஜெபங்களும் போதனையும் அதில் இருந்தன. யாருக்கு எழுதுகிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்திருக்காது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் அங்கேதான் தொடங்குகிறது. முகம் தெரிந்த ஒருவருக்கு எழுதுங்கள். லூக்கா தன் சுவிசேஷத்தை எழுதியது தெயோப்பிலு என்ற ஒருவருக்கு. அதை உலகம் முழுக்கப் படிக்கிறது.

வடசேரி கைப்பிரதி

சார் சொன்ன வரலாறு முழுவதும் சரி. ஒரு விஷயத்தில் மட்டும் நான் கடுமையாக நிற்பேன்.

நான் வடசேரி பஸ் நிலையத்தில் கைப்பிரதி கொடுக்கிறவன். நானே ஒரு கைப்பிரதியால் வந்தவன். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்திருந்தபோது, ராத்திரி தூக்கம் வராமல் ஜன்னல் ஓரத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன நாலு பக்கத் தாளை எடுத்தேன். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்று தொடங்கியது. அதற்கு முன் எவ்வளவோ பிரசங்கம் ஒலிபெருக்கியில் காதில் விழுந்திருக்கிறது. ஒன்றும் உள்ளே போகவில்லை. அந்தத் தாளில் என்னை யாரும் திட்டவில்லை, பயமுறுத்தவில்லை, உன் பாரம் எனக்குத் தெரியும் என்று ஒருவர் சொல்கிறார் என்று மட்டும் இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதனால் சொல்கிறேன். இப்போது சிலர் "நேரடியாகச் சொல்லக் கூடாது, கதையாகச் சொல்லணும், மறைமுகமாகச் சொல்லணும்" என்கிறார்கள். களியக்காவிளை பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவர் என் கையில் இருந்து தாளை வாங்கும்போது அவருக்கு இருப்பது கொஞ்ச நேரம். அதில் இயேசு யார் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? யோவான் தன் சுவிசேஷத்தை எதற்காக எழுதினேன் என்று இருபதாம் அதிகாரத்தின் கடைசியில் மறைக்காமல் சொல்கிறார், நீங்கள் விசுவாசிக்கும்படி எழுதினேன் என்று. அவர் பெயர் இல்லாத எழுத்து நல்ல எழுத்தாக இருக்கலாம். அதை ஊழியம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரணியல் பாடகர்

எஸ்தர் புத்தகத்தில் தேவனுடைய பெயர் ஒரு இடத்திலும் இல்லையே அண்ணே. அதை வேதத்தில் இருந்து எடுத்துவிடலாமா?

வடசேரி கைப்பிரதி

எடுக்கச் சொல்லவில்லை தம்பி. ஆனால் எஸ்தர் வேதத்தின் நடுவில் இருக்கிறது, முன்னும் பின்னும் அவர் பெயர் இருக்கிறது. பஸ் நிலையத்தில் கொடுக்கும் தனித்தாளுக்கு முன்னும் பின்னும் ஒன்றும் கிடையாது.

சுசீந்திரம் தெரு

நான் கிறிஸ்தவன் இல்லை. "சபை இல்லாதவராக இருந்தாலும் சரி" என்று தம்பி எழுதியதால் வருகிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். அதாவது இங்கே "வெளியே இருப்பவர்" என்று யாரும் கிடையாது. ஒரே தெரு, ஒரே டீக்கடை, ஒரே வகுப்பு. நீங்கள் உங்களுக்குள் எழுதுவதாக நினைப்பதும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும், வாழைப்பழம் பொதிந்தாவது வரும்.

ஒருமுறை எங்கள் வீட்டுக் கேட்டில் ஒரு தாள் செருகியிருந்தது. யார் போட்டது என்று தெரியாது. நாங்கள் கும்பிடும் சாமியைக் கேலி செய்து நாலு வரி, அதன் கீழே அன்பைப் பற்றி ஒரு வசனம். அம்மா பார்ப்பதற்குள் மடித்து எடுத்துவிட்டேன். எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான். அதே தெருவில்தான் என் நண்பனின் அம்மா இருந்தார். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவந்து, கட்டில் பக்கத்தில் நின்று கண்ணை மூடி வாய்க்குள் ஜெபிப்பார். எங்கள் அம்மாவும் கூடவே நிற்பார். அந்தப் பெண்மணி ஒரு பக்கம் எழுதியிருந்தால் நாங்கள் குடும்பத்தோடு படித்திருப்போம். 1982இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை என் பெற்றோர் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். இந்த மாவட்டத்தில் பேனா எடுப்பவர், எந்த மதமாக இருந்தாலும், அதை மறக்கக் கூடாது.

நான் என்ன படிக்க ஆசைப்படுவேன் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டில், உங்கள் கோயிலில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். சின்ன வயதில் அறுப்பின் பண்டிகை ஏலம் பார்க்க நண்பனோடு போவேன். மரவள்ளிக்கிழங்கு, வாழைக்குலை, சேவல் எல்லாம் ஏலம் போகும். ஒரு பாட்டி கொண்டுவந்து வைத்த ஒரே ஒரு கோழிமுட்டையை நூறு ரூபாய்க்கு ஒருவர் எடுத்தார். எடுத்தவர் அதை மறுபடி ஏலத்துக்கே கொடுத்தார். அது இன்னொருவரிடம் போய், அவரும் திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு முட்டையை ஏன் இத்தனை பேர் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று யாராவது ஒரு பக்கம் எழுதியிருந்தால், உங்கள் விசுவாசத்தைப் பற்றி எனக்கு அன்றைக்கே கொஞ்சம் தெரிந்திருக்கும். உங்கள் பத்திரிகையில் அந்த ஏலத்தின் மொத்தத் தொகை மட்டும்தான் வரும் என்று நண்பன் சொல்வான்.

தேரூர்க்காரரான நம் கவிமணி புத்தரைப் பற்றி "ஆசிய ஜோதி" எழுதினார். அதைப் படித்து உருகியவர்கள் பௌத்தர்களா? இல்லை. ஒரு மகானின் வாழ்க்கையைப் பிரியத்தோடு சொன்னார், நாம் பிரியத்தோடு கேட்டோம். இயேசுவைப் பற்றியும் அப்படிச் சொன்னால் கேட்க எங்கள் தெருவில் ஆள் உண்டு.

வடசேரி கைப்பிரதி

சுசீந்திரம் ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டுதரம் படித்தேன். கேலி பண்ணும் தாள் ஒன்றுகூட என் பையில் கிடையாது, இனியும் இருக்காது. பேதுரு எழுதும்போது, நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் எழுதினார். வணக்கம் என்ற பாதியை விட்டுவிட்டு எழுதுகிறவர் அந்த வசனத்தைக் கையில் எடுக்கவே கூடாது. பவுலும் அத்தேனே பட்டணத்தில் அவர்கள் புலவர் சொன்ன வரியைத்தான் எடுத்துப் பேசினார்.

ஆனால் நேரடியாகச் சொல்வது வேறு, கேலி வேறு. முதலாவதை நான் விடமாட்டேன்.

சுசீந்திரம் தெரு

விட வேண்டாம். உங்களிடம் இருந்து ஒரு தாள் நான் வாங்குவேன்.

கடற்கரை அக்காள்

இயேசுவுக்கே புகழ். நான் தூத்தூர் பக்கம். நாங்கள் கத்தோலிக்கர்.

எங்கள் ஊர்களில் இருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஒருமுறை போனால் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது என் அக்காவின் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். எச்சரிக்கை கரைக்கு வருவதற்கு முன்பே போனவர்கள் அவர்கள். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத வீட்டில் நினைவுத் திருப்பலியை எந்த நாளில் வைப்பது என்பதுகூட முடிவு செய்ய முடியாத காரியம்.

அக்கா பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுத ஆரம்பித்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவள் எழுதியதில் ஒரு பகுதியை அவள் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன் (சூசையப்பர் என்பது மாதாவின் கணவர், இயேசுவை வளர்த்தவர்):

"அந்த டிசம்பரில் ஸ்டார் கட்டவில்லை. யாரும் கட்டச் சொல்லவும் இல்லை. சின்னவன் மட்டும் குடில் வைத்தான். வைக்கோல் போட்டான், மாடு வைத்தான், மாதாவை வைத்தான், பாலன் இயேசுவை ராத்திரிதான் வைக்கணும் என்று எடுத்து வைத்திருந்தான். சூசையப்பரைக் காணோம். உடைஞ்சு போச்சா என்று கேட்டேன். இல்லை, பெட்டியில் இருக்கு என்றான். அப்போ ஏன் வைக்கலை என்றேன். அவர் கடலுக்குப் போயிருக்காரு என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டவரே, நீர் கேட்டீரா அவன் சொன்னதை?"

இவ்வளவுதான் அந்தப் பக்கம். இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினோம். "நன்றாக இருக்கிறது, ஆனால் இப்படி முடித்தால் வாசகர்கள் சோர்ந்துபோவார்கள். கடவுள் எனக்கு ஆறுதல் தந்தார் என்று கடைசியில் ஒரு பத்தி சேர்த்து, ஒரு வசனமும் போட்டு அனுப்புங்கள், போடுகிறோம்" என்று பதில் வந்தது. அக்கா சொன்னாள்: "ஆறுதல் இன்னும் வரவில்லையே, வராததை எப்படி வந்தது என்று எழுதுவது? பொய்சாட்சி சொல்லக் கூடாது என்றுதானே கட்டளை?" நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

அவள் கடவுளை மறுத்து ஒரு வரி எழுதவில்லை. அவரிடம்தான் கேட்டிருக்கிறாள். தினமும் கோயிலுக்குப் போகிறவள் அவள். எழுத்து ஊழியம் என்கிறவர்கள் இப்படிப்பட்டவளுக்கு இடம் தருவார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இரணியல் பாடகர்

அக்கா, இதைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்

அம்மா, உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள்: அவர் எழுதியதற்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது. சங்கீதம் 88ஐ, உங்கள் மொழிபெயர்ப்பில் திருப்பாடல் 88ஐ, அவர் வாசிக்கட்டும். இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்குகிற பாட்டு அது. மற்றப் புலம்பல் பாட்டுகள் பெரும்பாலும் கடைசியில் திரும்பி, நம்பிக்கையில் வந்து நிற்கும். இது திரும்பவே இல்லை. சிநேகிதரும் தூரமாய்ப் போனார்கள், இருள்தான் மிச்சம் என்று நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஒரு ஆறுதல் அடியைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம். சேர்க்கவில்லை. அப்படியே சபையில் பாடக் கொடுத்தார்கள்.

நம் கிறிஸ்தவ எழுத்தின் பெரிய குறை இதுதான் என்று எனக்குப் பல வருடமாக மனதில் இருக்கிறது. முடிவை முதலில் தீர்மானித்துவிட்டு எழுதுகிறோம். கஷ்டம் வந்தது, ஜெபித்தோம், தீர்ந்தது. தீராதவர்கள் நம் ஆலயத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களுக்கு அந்தக் கட்டுரை சொல்வது, உன் ஜெபத்தில்தான் ஏதோ குறை என்பதுதான். எழுதியவர் அப்படி நினைத்து எழுதவில்லை. படிக்கிறவரின் காதில் அப்படித்தான் விழும்.

புலியூர்க்குறிச்சியில் வாழ்ந்த ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் "புத்தம் வீடு" நாவலைக் கொண்டுவந்தார். பனைவிளை, பனையேறிகள், பழைய பெருமையில் வாழும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், வயது வந்ததும் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட லிசி என்ற பெண். அதில் பிரசங்கம் இல்லை. யாரையும் சபைக்கு அழைக்கவும் இல்லை. கோயிலுக்குப் போகிறவர்களின் அகம்பாவமும் அன்பும் அதில் அப்படியே கிடக்கின்றன. அதை வடசேரித் தம்பி ஊழியம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார், அந்த அம்மையாரும் அப்படி ஒரு பெயரைக் கேட்டு எழுதவில்லை. ஆனால் தமிழ் வாசகர்களில் கிறிஸ்தவ வீட்டின் உட்புறத்தை முதன்முதலாக அந்த நாவல் வழியாகப் பார்த்தவர்கள் உண்டு. சுசீந்திரத்து ஐயா கேட்ட முட்டை ஏலம் எந்த வகை எழுத்தில் வரும் என்றால், இந்த வகையில்தான் வரும்.

ஆகவே கைப்பிரதிக்கும் இடம் உண்டு, நாவலுக்கும் உண்டு. தம்பியின் கையில் இருப்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒன்று. சபைப் பத்திரிகையை யாரும் இலேசாக நினைக்க வேண்டாம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் "இரட்சணிய யாத்திரிகம்" 1894இல் நூலாக வருவதற்கு முன் "நற்போதகம்" மாத இதழில் தொடராக வந்தது. ஜான் பனியன் என்ற எழுத்தாளர் ஆங்கிலத்தில் உரைநடையில் சொன்ன மோட்சப் பயணத்தை அவர் கம்பன் வழியில் விருத்தமாக்கினார். வைணவ வீட்டில் பிறந்து கம்பனில் ஊறியவர் அல்லவா, அந்தத் தமிழை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவில்லை. அந்தக் காப்பியத்துக்கு மாதம்தோறும் பக்கம் கொடுக்க ஒரு சிறு இதழின் ஆசிரியர் மனம்வைத்தாரே, அதுவும் ஊழியம்தான்.

நெய்யூர் செவிலி

சாட்சிகளை, அதாவது ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒருவர் சொல்லும் கட்டுரைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். இதைப் பத்திரிகை நடத்துகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

"மாத்திரையை நிறுத்தினேன், ஆண்டவர் சுகம் தந்தார்" என்று அச்சாகி வரும் சாட்சிகளை வார்டில் நோயாளிகள் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரும், உயிருக்கே ஆபத்து. சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்து இன்சுலினில் இருக்கும் பிள்ளைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களுக்குள் மயங்கி விழும். எழுதியவர் தன் நன்றியைச் சொல்கிறார். படிக்கிறவர் அதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்கிறார். அச்சில் வந்துவிட்டால், அதுவும் சபையின் பெயரில் வந்துவிட்டால், அதற்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் 1838 முதல் மிஷன் மருத்துவப் பணி இருக்கிறது. 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டர், லண்டனில் பெரிய வேலைக்குப் போகாமல் இங்கே வந்து அறுவை சிகிச்சை செய்தவர். ஜெபமும் மருந்தும் ஒரே வளாகத்தில் இருந்த ஊர் இது. ஒன்றைச் சொல்வதற்காக மற்றதைத் தள்ள வேண்டிய அவசியம் நமக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

தம்பி, ஒரு சாட்சி வந்தால் சம்பந்தப்பட்டவரைப் போய்ப் பாருங்கள். எப்போது, என்ன நோய், எந்தச் சிகிச்சை, இப்போது எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், அதனால் ஆண்டவரின் மகிமை குறையாது. இன்னொருவரின் நோயைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதவே எழுதாதீர்கள். எச்.ஐ.வி. என்றால் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மனநலச் சிகிச்சையில் இருக்கும் பெண்களின் கதையை ஊரும் வயதும் போட்டு, பெயரை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். நம் ஊர்களில் அது போதாது, எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

சார் லூக்காவைச் சொன்னார். லூக்கா வைத்தியர். ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து அறிந்த பிறகுதான் எழுதுகிறேன் என்று சொல்லித்தான் தொடங்குகிறார். விசாரிக்காமல் எழுதுகிறதை நான் ஊழியம் என்று சொல்லமாட்டேன்.

மார்த்தாண்டம் இளையவன்

அக்கா, போன மாதமே ஒரு சாட்சி வந்திருக்கிறது, இன்னும் போடவில்லை. சனிக்கிழமை நேரில் போய்க் கேட்கிறேன்.

தக்கலைக்காரன்

நான் முஸ்லிம், ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பீர் முகம்மது அப்பா தர்காவில் ஆண்டுவிழா ராத்திரியில் அவர் பாடிய ஞானப்புகழ்ச்சியை எல்லாரும் உட்கார்ந்து விடிய விடிய ஓதுவார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத தாத்தாக்களுக்கும் அது மனப்பாடம். எழுதியது ஒருவர், அதை இத்தனை காலம் உயிரோடு வைத்திருப்பது சேர்ந்து ஓதும் ஜனங்கள். நீங்கள் கட்டுரை மட்டும்தான் எழுத்து என்று நினைக்க வேண்டாம். உங்கள் கோயில்களில் பாட்டு எழுதுகிறவர்கள் இல்லையா? அவர்களுக்கும் அந்தப் பதினாறு பக்கத்தில் இடம் கொடுங்கள்.

இரணியல் பாடகர்

உண்மை பாய். கிறிஸ்துமஸ் காலத்தில் ஒவ்வொரு சபையிலும் பிள்ளைகளுக்காகப் புதுப்பாட்டு எழுதுகிறார்கள். ஜனவரியில் அந்தத் தாள் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

அச்சகம், தக்கலை ரோடு

இருபது வருடத்துக்கு மேல் சபைப் பத்திரிகைகள் அடித்துக் கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் வேலை விஷயமாகச் சொல்கிறேன்.

பதினாறு பக்கம் என்பது எங்கள் கணக்கில் ஒரு ஃபாரம். பன்னிரண்டு பக்கத்துக்கு மேட்டர் இருந்தால் மிச்சம் நாலை நிரப்ப இணையத்தில் இருந்து எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். அந்த நாலு பக்கம்தான் பத்திரிகையைக் கெடுக்கும். யார் எழுதியது என்று தெரியாத கதை, எங்கேயோ நடந்ததாகச் சொல்லும் அற்புதம், கூகுளில் எடுத்த படம். படத்துக்கு உரிமையாளர் உண்டு. எழுதியவர் இறந்து அறுபது வருடம் ஆகும்வரை எழுத்துக்கும் உரிமை உண்டு. ஊழியம்தானே என்று சட்டம் விட்டுவிடாது. நிரப்ப மேட்டர் இல்லையா, எட்டுப் பக்கமாகக் குறையுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். உங்கள் வாசகரில் பாதிப் பேர் கண்புரைக்கு ஆபரேஷன் பண்ணினவர்கள். காணிக்கை விவரத்தை அறிவிப்புப் பலகையிலோ தனித்தாளிலோ போட்டால் மூன்று பக்கம் மிச்சம். ஆனால் அதை எடுக்கப்போனால் கமிட்டியில் சத்தம் வரும், அதற்கு ஆயத்தமாகப் போங்கள்.

மெய்ப்பு பார்க்க ஒருவரைக் கட்டாயம் வையுங்கள், எழுதியவரைத் தவிர வேறு ஒருவரை. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் "இந்த நிருபத்தை எழுதின தெர்தியு" என்று ஒருவர் தன் வாழ்த்துதலையும் சேர்க்கிறார். பவுல் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர். என் தொழிலில் எனக்குப் பிடித்த வசனம் அது.

பத்திரிகைக்குப் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 மார்ச் முதல் பழைய சட்டத்துக்குப் பதில் புதிய பதிவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பின்னால் புத்தகமாகப் போடும் எண்ணம் இருந்தால் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு நம் நாட்டில் அரசு காசு வாங்குவதில்லை. நடுவில் யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம், பழைய இதழ்களை எடைக்குப் போடாதீர்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய சபைப் பத்திரிகையில் அன்றைக்கு நெல் என்ன விலை, யார் சிங்கப்பூர் போனார்கள், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றினார்கள் என்று எல்லாம் இருக்கும். ஸ்கேன் பண்ணி வையுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் மாதிரியான இடங்கள் இப்படிப்பட்டவற்றைப் பாதுகாக்கிறவை.

வடசேரி கைப்பிரதி

கடற்கரைச் சகோதரி எழுதியதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் போகக் கூடாது.

உங்கள் அக்கா எழுதியது ஊழியமா இல்லையா என்று என்னைக் கேட்டால், ஊழியம் என்பேன். அதில் ஆண்டவரே என்று கூப்பிடுகிற குரல் இருக்கிறது. பதில் வரும்வரை காத்திருக்கிற விசுவாசம் இருக்கிறது. நான் கொடுக்கும் தாளில் "வாருங்கள்" என்று இருக்கிறது. வந்தவர்கள் இப்படியும் அழுவார்கள் என்று வருகிறவருக்குத் தெரிய வேண்டாமா? ஆறுதல் பத்தியைச் சேர்க்காதது சரி. தீர்க்கதரிசி எரேமியாவின் சுருளை யோயாக்கீம் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டபோது, கேட்பவருக்குப் பிடிக்கிற மாதிரி மாற்றி எழுது என்று கர்த்தர் சொல்லவில்லை. அதே வார்த்தைகளை மறுபடி எழுதச் சொன்னார், அவருடைய எழுத்தன் பாருக்கு என்பவன் எழுதினான்.

கடற்கரை அக்காள்

அண்ணா, இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். நன்றி சொல்லச் சொன்னாள்.

மார்த்தாண்டம் இளையவன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஐயரைப் பார்த்து இவ்வளவையும் சொன்னேன். சுசீந்திரம் ஐயாவின் முட்டையைச் சொன்னபோது அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். செய்யப்போவது இதுதான்.

அடுத்த இதழ் எட்டுப் பக்கம். காணிக்கை விவரம் தனித்தாளில் போகும். கமிட்டியில் பேசுவதை ஐயர் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றி இரண்டு பக்கம். எங்கள் சபையில் முப்பது வருடமாக ஏலம் கூறும் ஒரு பெரியவர் இருக்கிறார், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இதைப் படிக்கப்போவது சுசீந்திரம் ஐயா என்று மனதில் வைத்துத்தான் எழுதுவேன். எழுதி முடித்ததும் அச்சுக்குப் போகும் முன் ஐயாவுக்கு அனுப்பலாமா? புரியாத இடத்தைக் குறித்துக் கொடுத்தால் போதும்.

என்னை ஊழியம் இல்லை என்ற பெரியவரைத்தான் மெய்ப்பு பார்க்கக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி., ஒற்று விட்டால் பிடித்துவிடுவார். சரி என்றிருக்கிறார்.

கடற்கரை அக்கா, உங்கள் அக்கா எழுதிய அந்தப் பக்கத்தை எங்கள் பத்திரிகையில் போட அனுமதி தருவார்களா? ஒரு வரி கூட்டவும் மாட்டோம், குறைக்கவும் மாட்டோம். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர் இல்லை, அதில் அவர்களுக்கு ஒன்றும் இல்லையே?

சுசீந்திரம் தெரு

அனுப்புங்கள் தம்பி. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.

கடற்கரை அக்காள்

கேட்டேன். எந்தச் சபையாக இருந்தால் என்ன, போடலாம் என்கிறாள். அவள் பெயர் வேண்டாம், சின்னவன் பெயரும் வேண்டாம். தூத்தூர் பக்கம் என்று போட்டால் போதும், புயலில் போனவர்களின் ஊர் என்று தெரியட்டும் என்கிறாள். நோட்டில் இன்னும் எழுதியிருக்கிறாள். நீங்கள் கேட்டதாகச் சொன்னதும் அதை எடுத்து மேலே வைத்திருக்கிறாள்.

அச்சகம், தக்கலை ரோடு

இருபதாம் தேதிக்குள் மேட்டர் கைக்கு வந்தால் மாத முதல் ஞாயிறுக்குக் கட்டித் தந்துவிடுவேன். தம்பி, யூனிகோடில் டைப் பண்ணி அனுப்புங்கள், பாமினி எழுத்துரு வேண்டாம், மாற்றும்போது எழுத்து உடையும். நோட்டுப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அப்படியே அனுப்புங்கள், அதை நானே டைப் பண்ணிக்கொள்கிறேன்.